கல்லில் இருக்கும் மீனுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

கிரானைட் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் என் மாமா, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தமக்கு அன்பளிப்பாகத் தந்த மீன் புதைபடிவம் ஒன்றைச் சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய வெளிர்மஞ்சள் பலகைக்கல். அதில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு சிறிய மீன் இடப்பக்கம் தலைவைத்துக் கிடந்தது. ரசீதோ பெயர்ச்சீட்டோ உடன் இல்லை. நான் காவேரிப்பட்டினத்தில் பள்ளி ஆசிரியர். அறிவியல் கண்காட்சியில் அதை வைத்து, அடியில் ஒரு பெயரை எழுதிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு பெரிய நோக்கம் எனக்கு இருக்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதி முடிக்க 9 மாதங்களும் 4,300 ரூபாயும் செலவாயின. வரிசை தெரிந்து செய்திருந்தால் ஆறேழு வாரத்தில், 1,600 ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இப்படிப்பட்ட கற்கள் பல வீடுகளின் கண்ணாடி அலமாரிகளில் இருக்கின்றன. கல் வியாபாரத் தொடர்பில் வந்தவை சில, பெங்களூர்க் கண்காட்சிகளில் வாங்கியவை சில, இணையக் கடைகளில் வரவழைத்தவை சில. உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் கீழே உள்ள வரிசையிலேயே செல்லுங்கள். முழு மீன் படிந்த பலகைக்கல்லுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். தனிச் சுறாப் பல்லை அடையாளம் காணும் முறை முற்றிலும் வேறு.

1. மீனைப் பார்க்கும் முன் கல்லின் ஊரை விசாரியுங்கள்

எல்லோரும் செய்யும் முதல் தவறு, நானும் செய்தது, மீனைப் படமெடுத்து அதே போன்ற படத்தை இணையத்தில் தேடுவதுதான். மத்தி மீனைப் போல் உடலமைப்புள்ள சிறு மீன்கள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தன, ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தன, ஏறக்குறைய எல்லாக் கண்டங்களிலும் இருந்தன. வெறும் உருவத்தை வைத்துத் தேடினால் நூறு பெயர்கள் வரும். கல் எந்தப் பாறைப் படிவத்திலிருந்து, அதாவது ஒரே காலத்தில் சேர்ந்து படிந்த எந்தப் பாறை அடுக்குத் தொகுதியிலிருந்து, வெட்டப்பட்டது என்று தெரிந்துவிட்டால், அந்தப் படிவத்திலிருந்து இதுவரை விவரிக்கப்பட்ட மீன்களின் பட்டியல் மட்டுமே உங்கள் முன் நிற்கும். அதில் சந்தைக்கு அடிக்கடி வருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆகவே, கொடுத்தவரிடமோ விற்றவரிடமோ எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினார் என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியே போதும், ஆனால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்து வையுங்கள். கல் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே சுற்றியிருந்த காகிதம், பின்பக்கம் ஒட்டியிருக்கும் சிறு எண் ஒட்டி ஆகிய எதையும் தூக்கி எறியாதீர்கள். கல்லின் பின்புறம் பென்சிலில் இரண்டு எழுத்து கிறுக்கியிருந்தால் அதுகூடச் சான்றுதான். என் மாமா மூலம் விசாரித்ததில், அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கனிமச் சந்தையில் வாங்கியதாகப் பதில் வந்தது. அந்தச் சந்தைக்கு உலகம் முழுவதிலுமிருந்து கற்கள் வருகின்றன என்பதால் அந்தப் பதில் பாதித் தூரத்துக்குத்தான் உதவியது. ஆனாலும் பின்னால் நான் கடிதம் எழுதியபோது வல்லுநர் கேட்ட முதல் கேள்வி இதுதான், சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது.

இதற்குச் செலவு இல்லை. இரண்டு வாரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் பதில் வர நாளாகும்.

2. நம் மாவட்டத்துப் பாறையில் கிடைத்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் அடிப்பாறை நைஸ், சார்னோகைட், கிரானைட் வகை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. முதுகெலும்புள்ள முதல் மீன்கள் தோன்றியதே சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். குவாரியில் கல்லைப் பிளந்தபோது மீன் தெரிந்தது என்று யாராவது காட்டினால், அது பெரும்பாலும் தாதுக்களின் நிற வரியாகவோ, விரிசலில் மாங்கனீசு படிந்து செடி போல் கிளைத்த கோலமாகவோ இருக்கும்.

தமிழ்நாட்டில் மீன் எச்சம் பார்க்க வேண்டுமானால் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்தில் உள்ள, டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரீத்தேசியத்தைச் சேர்ந்த கடற்படிவங்களுக்குத்தான் போக வேண்டும், அங்கும் சுறாப் பற்கள்தான் முக்கியமாகக் கிடைக்கும். சாத்தனூர், திருவக்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட கல்மர இடங்களிலிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்து வராதீர்கள்.

3. கல்லின் மேல் எதையும் பூசாதீர்கள்

என் 9 மாதங்களில் இரண்டு மாதத்தைத் தின்றது இந்த ஒரு தவறு. பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "இப்படியே வைத்தால் உதிர்ந்துவிடும் சார், ஒரு கோட்டு சீலர் அடித்துத் தருகிறேன்" என்றார். நானும் சரி என்றேன். கிரானைட் மேடைக்கு அடிக்கும் அந்தச் சீலர் காய்ந்ததும் கல் அழகாகத்தான் பளபளத்தது. ஆனால் துடுப்பை விரித்துத் தாங்கும் கோடு போன்ற கதிர்களின் அடியும், வயிற்று ஓரத்துச் சிறு செதில்களும் அந்தப் பளபளப்புக்குள் புதைந்துபோயின. ஒன்றன்பின் ஒன்றாக நின்ற கதிர்கள் ஒரே பட்டையாகத் தெரிந்ததால், பின்துடுப்பு (வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் கீழ்ப்பக்கம் இருப்பது) உண்மையில் இருப்பதைவிட நீளமானது என்று நினைத்து மீனுக்குத் தவறான பெயர் வைத்தேன். பிறகு, காது குடையும் பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்து, நகத்தளவு இடமாக உருட்டி உருட்டி அதை எடுக்க ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

தண்ணீரில் கழுவுவது, தேங்காயெண்ணெய் தடவுவது, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது ஆகிய மூன்றும் கூடாது. மென்மையான ஓவியத் தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

4. முழுவதும் அசல்தானா என்று பாருங்கள்

சந்தைக்கு வரும் மீன்களில் கணிசமானவை ஏதோ ஓர் இடத்தில் ஒட்டுப்போட்டவை. மீன் உண்மையானதாகவே இருக்கும், ஆனால் உடைந்த வால் வேறொரு மீனுடையதாக இருக்கலாம், போன துடுப்பை வண்ணத்தால் வரைந்திருக்கலாம். அந்த வரைந்த துடுப்பின் கதிர்களை எண்ணிக்கொண்டு நீங்கள் பெயர் தேடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேவைப்படுவன இரண்டு: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் (எனக்கு 350 ரூபாய்), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் (850 ரூபாய்). இரவில் அறையை இருட்டாக்கி டார்ச்சை அடியுங்கள், கண்ணில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலும்பும் கல்லும் தத்தமக்குரிய ஒளியைக் காட்டும்; பசை, பிசின், வண்ணம் பூசிய இடங்கள் மட்டும் திட்டுத்திட்டாக வேறு நிறத்தில் பிரிந்து தெரியும். லென்ஸில் பார்த்தால் உண்மையான எலும்புக்கு மேடு பள்ளமும் நுண்ணிய விரிசலும் இருக்கும். வண்ணம் கல்லின் குழிகளுக்குள் வழிந்து இறங்கியிருக்கும். வார்ப்புப் பிசினாக இருந்தால் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழிகள் தென்படும். ஒட்டுப்போட்ட இடங்களை ஒரு புகைப்படத்தின் அச்சில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். அந்த இடங்களிலிருந்து இனி எந்த அளவும் எடுக்கக் கூடாது.

1,600 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய யுஎஸ்பி நுண்ணோக்கி இந்த வேலைக்குத் தேவையே இல்லை. லென்ஸ் காட்டாத எதையும் அது எனக்குக் காட்டவில்லை.

5. கல்லின் முகத்தைப் படியுங்கள்

விற்பனைக்கு வரும் பலகைக்கல் மீன்களில் பெரும்பாலானவை சில குறிப்பிட்ட இடங்களிலிருந்து வருகின்றன. வெளிர்மஞ்சள் அல்லது இளம்பழுப்பு நிறத்தில், ஓரத்தில் பார்த்தால் நோட்டுப் புத்தகத் தாள்கள் போல் மெல்லிய அடுக்குகள் தெரிகிற சுண்ணாம்புக்கல், அதில் கரும்பழுப்பு எலும்பு என்றால் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து க்ரீன் ரிவர் படிவத்தை முதலில் நினைக்க வேண்டும். இயோசீன் காலம், சுமார் 5.2 கோடி ஆண்டு, ஏரி மீன்கள். எரிமலைச் சாம்பல் கலந்த களிக்கல்லில் விரல் நீளச் சிறு மீன்கள் பல ஒரே கல்லில் கிடந்தால் சீனாவின் வடகிழக்குப் பகுதி, முற்கிரீத்தேசியம். லெபனானின் ஹாகெல், ஹஜூலா கற்கள் சுமார் 9.5 கோடி ஆண்டுப் பழமையான கடல் சுண்ணாம்புக்கற்கள். பிரேசிலின் வடகிழக்கிலிருந்து வருபவை இரு வகை: மஞ்சள் பலகைக்கல்லில் துருநிறச் சிறு மீன், அல்லது உருண்டைக் கல்லைப் பிளந்தால் உள்ளே முப்பரிமாணத்தில் மீன்.

பின்புற மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். மார்பிளைச் சோதிக்க நம் கல் பட்டறைகளில் செய்வதுதான். சுண்ணாம்புக்கல் என்றால் லேசாக நுரைக்கும். மீன் இருக்கும் பக்கத்தில் ஒருபோதும் விடாதீர்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்திய மீன் புதைபடிவங்களைப் பற்றித் தேடினால் 'கோட்டா படிவம்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். நம் வீடுகளில் தரைக்குப் போடும் கோட்டா கல்லிலிருந்து வந்தவை என்று நினைத்து ஒரு வாரம் ஓடினேன். தரைக்கல் ராஜஸ்தானின் கோட்டாவைச் சேர்ந்தது, மீன்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தியது. மீன்கள் கிடைக்கும் கோட்டா என்பது பிராணகிதா நதிக்கரையில், மகாராஷ்டிர எல்லையில் உள்ள ஒரு சிற்றூர். அங்குள்ள ஜுராசிக் சுண்ணாம்புக்கல்லில் லெபிடோட்டஸ் போன்ற, வைரக் கட்டம் போட்ட தடித்த மினுக்குச் செதில் மீன்கள் கிடைத்திருக்கின்றன. உங்கள் மீனின் உடல் முழுவதும் அப்படி ஓடு வேய்ந்தது போல் இருந்தால்தான் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும்.

பிரேசிலில் 1942 ஆம் ஆண்டுச் சட்டப்படி புதைபடிவங்கள் அரசின் சொத்து. சீனாவும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. கல் அந்த நாடுகளைக் காட்டினால், அதை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ முனையாமல் உள்ளது உள்ளபடி குறித்து வையுங்கள். புதிதாக வாங்க நினைத்தால் வாங்காதீர்கள்.

6. மீன் கடையில் ஒரு மணி நேரம்

புத்தகங்களில் வரும் சொற்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. முதுகுத் துடுப்பின் முன்பகுதி முள்ளா, மென்கதிரா என்று கேட்டிருப்பார்கள், எனக்கோ இரண்டும் கோடுகளாகத்தான் தெரிந்தன. கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வாங்கப் போன அன்றைக்குத்தான் அது விளங்கியது. ஆகையால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு ஜிலேபி, ஒரு கெண்டை அல்லது ரோகு, ஐஸில் வைத்து வரும் மத்தி நான்கைந்து வாங்குங்கள். "அக்கா, செட்டையை வெட்டாமக் குடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பழக்கத்தில் வெட்டிவிடுவார்கள். என்னிடம் அந்த அக்கா, "செட்டையைக் கொழம்புல போடுவீங்களா?" என்று கேட்டார். கல்லில் உள்ள மீனுக்காக என்று சொல்லி விளங்கவைக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஜிலேபியின் முதுகுத் துடுப்பை விரித்துப் பாருங்கள். முன்பகுதி முழுவதும் குத்தும் முட்கள், பின்பகுதி மட்டும் மென்மை. முள் ஒவ்வொன்றும் ஒரே துண்டு, நுனி கூர். ரோகுவின் முதுகுத் துடுப்பில் குத்தும் முள் கிடையாது. கதிர்கள் கணுக்கணுவாக இருக்கும், நுனியில் விளக்குமாறு போல் பிரியும். கல்லிலும் இந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது: தடித்து, கணுவின்றி, நுனி கூர்ந்திருந்தால் முள், கணுக்கள் தெரிந்து நுனி பிரிந்தால் மென்கதிர்.

அடுத்து மத்தி. வயிற்று ஓரத்தில் வாலிலிருந்து தலையை நோக்கி விரலை ஓட்டுங்கள். ரம்பத்தைத் தடவுவது போல் சுரசுரக்கும். வயிற்றை மூடிக் கவசமாக நிற்கும் கூர்மையான காப்புச் செதில்கள் அவை. ஒரு மத்தியை வேகவைத்துச் சதையைப் பிரித்துவிட்டு, அந்தச் செதில்கள் எலும்புக்கூட்டில் எங்கே எப்படி நிற்கின்றன என்று ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கல்லில் வயிற்று ஓரத்தில் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள் வரிசையாகத் தெரிந்தால் உங்கள் மீன் மத்தியின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது என்று அதற்குப் பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும். மீனுக்கு 120 ரூபாய் ஆனது. குழம்பு தனி லாபம்.

7. அளவெடுங்கள், எண்ணுங்கள், எழுதுங்கள்

வெர்னியர் காலிப்பர் ஒன்று 220 ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் நியம நீளம்: முகவாய் நுனியிலிருந்து முதுகெலும்பு முடிந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை. வால் நுனி வரை அளப்பது பொதுவான தவறு. வால் நுனி பெரும்பாலும் உடைந்திருக்கும் என்பதால் அந்த அளவை யாரும் ஏற்பதில்லை. பிறகு உடலின் மிக அகலமான இடத்தின் உயரம். என் மீனுக்கு நியம நீளம் 84 மில்லிமீட்டர், உடல் உயரம் 23 மில்லிமீட்டர், அதாவது நீளத்தில் சுமார் 27 விழுக்காடு. இந்த விகிதம் பின்னால் தேவைப்படும்.

முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம், அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது, பின்துடுப்பின் நீளம், வாயின் கோணம், முதுகில் தலைக்கும் துடுப்புக்கும் இடையில் காப்புச் செதில் வரிசை உண்டா இல்லையா என்பவற்றைக் குறியுங்கள். கதிர்களை மூன்று வெவ்வேறு நாட்களில் எண்ணுங்கள், ஒரே எண் இருமுறை வந்தால் எழுதுங்கள். முதுகுத் துடுப்பிலும் பின்துடுப்பிலும் கடைசி இரண்டு கதிர்கள் ஒரே அடியிலிருந்து கிளம்பினால் அவற்றை ஒன்றாகவே எண்ணுவது மரபு. இது தெரியாமல் நான் எல்லாவற்றிலும் ஒன்று கூட்டி எழுதியிருந்தேன்.

படம் எடுக்க அலைபேசியே போதும். காலை எட்டு மணி வாக்கில் ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி எடுங்கள். அப்போதுதான் மேடு பள்ளம் நிழல் கட்டித் தெரியும். பிளாஷ் வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்க வேண்டும். முழுக் கல், முழு மீன், தலை, முதுகுத் துடுப்பு, வயிறும் பின்துடுப்பும், வால், கல்லின் ஓர அடுக்கு, பின்புறம் என எட்டுப் படங்கள்.

8. சந்தையில் அதிகம் வரும் மீன்களோடு ஒப்பிடுங்கள்

கல் க்ரீன் ரிவர் படிவத்தது என்றால் தொடங்க வேண்டிய இடம் நைட்டியா. வயோமிங்கின் மாநிலப் புதைபடிவமே அதுதான். அவ்வளவு ஏராளமாகக் கிடைக்கிறது. மத்திக்கு இருப்பது போலவே நைட்டியாவுக்கும் வயிற்றில் காப்புச் செதில்கள் உண்டு, ஆனால் மத்திக்கு இல்லாத ஒரு வரிசை தலைக்குப் பின்னாலிருந்து முதுகுத் துடுப்பு வரை முதுகிலும் உண்டு. முதுகுத் துடுப்பு ஒன்றே, உடலின் நடுவில். உடல் மெலிந்திருந்தால் நைட்டியா இயோசீனா, உடல் உயர்ந்திருந்தால் நைட்டியா ஆல்டா.

இதனோடு குழப்பிக்கொள்வது டிப்ளோமிஸ்டஸ் டென்டேட்டஸ். அதற்கும் முதுகிலும் வயிற்றிலும் காப்புச் செதில்கள் இருக்கின்றன. பிரித்தறிய மூன்று இடங்களைப் பாருங்கள்: டிப்ளோமிஸ்டஸின் வாய் மேல்நோக்கித் திரும்பியிருக்கும்; பின்துடுப்பு வயிற்றுக்குப் பின்னால் வால் வரை நீண்டு ஓடும்; முதுகுச் செதில்கள் நீளத்தைவிட அகலம் அதிகமாக, பின்விளிம்பில் சீப்புப் பல் போல் இருக்கும். டிப்ளோமிஸ்டஸ் அரை மீட்டருக்கு மேல் வளரும் மீன் என்பதால் சிறிய கல் என்றவுடன் நைட்டியா என்று முடிவு கட்டுகிறார்கள். அதன் குஞ்சுகளும் உள்ளங்கை அளவில்தான் இருக்கும். நான் விழுந்தது எதிர்ப்பக்கக் குழியில்: சீலர் பூச்சு பின்துடுப்பை நீட்டிக் காட்டியதால், நைட்டியாவை டிப்ளோமிஸ்டஸ் என்று எழுதி, கண்காட்சிச் சீட்டையும் அச்சடித்துவிட்டேன்.

அதே ஏரியில் முட்துடுப்புள்ள மீன்களும் உண்டு. உயர்ந்த உடலும் ஜிலேபி போன்ற முட்துடுப்பும் இருந்தால் பிரிஸ்காகாரா. அதில் ஒரு சிற்றினம் இப்போது காக்கரெல்லைட்டஸ் என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்படுகிறது, கடைச் சீட்டுகளில் பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கிறது. நீண்ட உடலில் தனித்தனியாக இரண்டு முதுகுத் துடுப்புகள் இருந்தால் மியோப்ளோசஸ். பெரிய பற்களும், உடலின் பின்பாதியில் எதிரெதிராக நீண்ட துடுப்புகளும் இருந்தால் ஃபேரியோடஸ்.

சீனக் களிக்கல்லில் முதுகுத் துடுப்பு பின்னுக்குத் தள்ளி, பின்துடுப்புக்கு நேர் மேலே நின்று, வயிற்றில் காப்புச் செதில் இல்லாமல் இருந்தால் லைகோப்டெரா. இதில் பல சிற்றினங்கள் இருப்பதால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. லெபனான் கல்லில் வரும் ஒரு சிறு மீனைப் பழைய சீட்டுகள் டிப்ளோமிஸ்டஸ் என்றே சொல்லும். அது இப்போது ஆர்மிகேட்டஸ். பழைய பெயரை நம்பினால் வயோமிங் ஏரியும் லெபனான் கடலும் ஒன்றாகிவிடும்.

ஒப்பிடுவதற்குக் கடைகளின் படங்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். வயோமிங்கில் 1972 முதல் இயங்கும் ஃபாசில் பியூட் தேசிய நினைவகத்தின் பக்கங்களிலும், சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் மீன் புதைபடிவ ஆய்வாளர் லான்ஸ் கிராண்டே இந்தப் படிவத்தைப் பற்றி எழுதியவற்றிலும் உள்ள படங்களையும் வரைபடங்களையும் பாருங்கள். இந்தப் படிக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது.

9. வல்லுநருக்குக் கடிதம் எழுதும் முறை

அவசரப்பட்டு இந்தப் படிக்கு முதலிலேயே வந்துவிட்டால் வேலை கெடும். நான் தொடக்கத்தில் கல்லையே எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரித் துறைக்குப் போனேன். வாங்கி மேசை மீது வைத்துக்கொண்டு, "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்து, மூன்றாவது முறை போனபோது, வேறொரு அறையின் அலமாரியில் மூலை உடைந்த நிலையில் கல் கிடைத்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, கல்லை வாங்கி வைத்த ஆசிரியர் மாறிப் போய்விட்டார், அவ்வளவுதான். போக்குவரத்துக்கும் கூரியருக்குமாக 900 ரூபாய் போனது.

எனவே கல்லை அனுப்பாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள். நமக்கு அருகில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் புவியமைப்பியல் துறை இருக்கிறது. கல்லின் வகையை உறுதிசெய்ய அது போதும். மீனின் பெயருக்கு முதுகெலும்பி எச்சங்களில் வேலை செய்பவர் வேண்டும்: டேராடூன் வாடியா இமாலயப் புவியியல் நிறுவனம், கோட்டா படிவ மீன்களில் நெடுங்காலம் ஆய்வு நடந்த கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் புவியியல் பிரிவு போன்றவை. நிறுவனத்தின் பொது முகவரிக்கு எழுதாமல், துறைப் பக்கத்தில் ஆய்வுத் தலைப்புகளைப் படித்து, பொருத்தமான ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள். ஒரே கடிதத்தை ஏழு பேருக்கு அனுப்பினால் ஏழு பேருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார், கல் எப்படி வந்தது, கல்லின் தன்மை, அளவுகள், எண்ணிக்கைகள், ஒட்டுப்போட்ட இடங்கள், நீங்கள் எந்தப் பெயரை எந்தக் காரணத்தால் நினைக்கிறீர்கள் என்பவற்றை எழுதி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இது என்ன மீன்?" என்று நான் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. "முதுகுச் செதில் வரிசையையும் குட்டையான பின்துடுப்பையும் வைத்து இதை நைட்டியா என்று நினைக்கிறேன், இயோசீனா என்று கொள்ள இந்த விகிதம் போதுமா?" என்று எழுதியதற்கு 19 நாளில் பதில் வந்தது. விலை மதிப்பைக் கேட்காதீர்கள். கேட்டால் உங்களை வியாபாரி என்று எடுத்துக்கொள்வார்கள்.

கல்லை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொன்னால் மட்டும் கொண்டுபோங்கள். கல்லின் அளவு, படம், ஒப்படைத்த தேதி, திருப்பித் தரும் தேதி, பெறுபவரின் கையெழுத்து ஆகியவை கொண்ட தாள் இரண்டு பிரதிகள் வேண்டும். அஞ்சலில்தான் போக வேண்டும் என்றால் பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் காப்பீடு செய்து அனுப்புங்கள்.

10. பெயரை எப்படி எழுதுவது

எனக்கு வந்த பதில், பேரினம் நைட்டியா என்பதில் சந்தேகமில்லை, சிற்றினம் இயோசீனாவாகவே இருக்கும், ஆனால் மூலை உடைந்ததில் வால் அடிப்பகுதியின் எலும்புகள் போய்விட்டதால் உறுதியாக எழுத வேண்டாம் என்றது. இப்படிப்பட்ட நிலைக்கென்றே எழுத்து முறை உண்டு. பேரினம் மட்டும் தெரிந்தால் பேரினப் பெயரை எழுதி 'எஸ்பி.' (sp., சிற்றினம் என்பதன் சுருக்கம்) என்று முடிக்க வேண்டும். ஒரு சிற்றினத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் உறுதியில்லை என்றால் பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் நடுவில் 'சிஎஃப்.' (cf., 'ஒப்பிடுக' என்பதன் சுருக்கம்) போட வேண்டும்.

சீட்டில் நான் எழுதியது இது: "நைட்டியா சிஎஃப். இயோசீனா. க்ரீன் ரிவர் படிவம், வயோமிங், அமெரிக்கா. இடம் கல்லின் தன்மையை வைத்து ஊகித்தது. இயோசீன், சுமார் 5.2 கோடி ஆண்டு. டூசான் சந்தையில் வாங்கப்பட்டு அன்பளிப்பாக வந்தது. வால் அடி உடைந்துள்ளது." கீழே அடையாளம் கண்ட தேதி. தலைமையாசிரியர் அந்த 'சிஎஃப்.' அச்சுப்பிழை என்று எண்ணி அடிக்கச் சொன்னார். அடிக்க விடவில்லை.

சீட்டு தொலைந்தால் கல் மறுபடியும் பெயரில்லாததாகிவிடும். ஆகவே கல்லின் பின்புறம் ஒரு மூலையில் அரை அங்குலத்துக்கு வெள்ளை நெயில் பாலிஷ் வைத்து, காய்ந்ததும் அதன் மேல் மெல்லிய கருப்பு மையில் ஓர் எண் எழுதுங்கள். அதே எண்ணை ஒரு நோட்டிலும் எழுதி, கடிதப் போக்குவரத்தின் அச்சுப் பிரதிகளை அந்த நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். மீன் இருக்கும் பக்கத்தில் மட்டும் எதையும் பூச வேண்டாம்.